ஆயில் இருந்தும் செத்த எஞ்சின்

அத்தியாயம் 9

"க்ளீட் செஞ்சாரா, செய்யலையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும் இமோஜின். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தெரியணும்."

ஆர்டித் நோஃப்ஸிகர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி சொன்னார். வியாழக்கிழமை காலை எட்டு மணி. காணாமல் போன பரிசுப் பன்றி ஒன்றை முந்தாநாள்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தோம். அந்தக் களைப்பும் வாசனையும் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

இமோஜின் ஷ்ராக் என் முதலாளி. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட பயிர்களை இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அளந்தவர். வடமேற்கு ஒஹையோவில் எங்கள் மாவட்டத்தின் எந்த வயலில் எத்தனை மூட்டை சோளம் விளையும், எத்தனை மூட்டை பொய் விளையும் என்று இரண்டும் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் லைசென்ஸ் வாங்கினார். நான் டூயி. சின்ன எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பதினொரு வருஷம் கவுண்டரில் நின்றவன். என் மனைவி களைக்கொல்லி மருந்து விற்பவனோடு கிளம்பிப் போன வருஷம்தான் இவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆகவே எஞ்சின், பொறாமை என்று இரண்டு பாடங்களில் எனக்கு அனுபவம் உண்டு.

"நிதானமா சொல்லு" என்றார் இமோஜின்.

"க்ளீட் பெக் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டிருக்கார். சனிக்கிழமை கண்காட்சியில பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நடுவுல வெர்லின் ரூப் டிராக்டர் சங்கத்துல புகார் குடுத்துட்டார். அவரோட டிராக்டர் எஞ்சினைக் க்ளீட் கெடுத்துட்டாராம்."

வெர்லினின் டிராக்டரைத் தெரியாதவர் எங்கள் ஊர் மவுண்ட் ஆர்டனில் கிடையாது. 1967-ம் வருஷத்துத் தோட்ட டிராக்டர். முன்னால் எஞ்சின், வயிற்றுக்கு அடியில் புல் அறுக்கும் தட்டு, மேலே ஒருவர் உட்கார இடம். மாவட்டக் கண்காட்சியில், ஒரு பாகம்கூட மாற்றாத பழைய டிராக்டர் என்ற பிரிவில், மூன்று வருஷமாக நீல ரிப்பன் அதற்குத்தான். மூன்று வருஷமாக இரண்டாவதாக வருவது க்ளீட் பெக்கின் வண்டி.

"க்ளீட் வாயால எதையும் சொல்ற ஆள் இல்ல" என்றார் ஆர்டித். "ரெண்டு கோடையா எனக்குச் சொல்லாம கொள்ளாம உதவி செய்யறார். அதனாலதான் மனசு சாஞ்சது. ஆனா என் வீட்டுக்காரர், செத்துப்போனவர், முப்பது வருஷம் என்கிட்ட பொய் சொன்னார். இன்னொரு பொய்யனோட மிச்ச காலத்தை ஓட்ட எனக்குத் தெம்பு இல்ல."

"என்ன உதவிங்க?" என்று கேட்டேன். சர்ச்சில் போர்வை தைக்க நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்துவிட்டார்.

மத்தியானம் நாங்கள் போனபோது வெர்லின் ரூப்பின் கொட்டகைத் தரை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைவிடச் சுத்தமாக இருந்தது. சிவப்பு டிராக்டர் முன் மூடியில்லாமல் ஜாக்கி மேல் நின்றது. எஞ்சின் தனியாக மேஜை மேல் பிளந்து கிடந்தது. வெர்லின் ஆறடி இரண்டு அங்குலம், அறுபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ ரேஷன் போட்டதுபோல் பேசுவார்.

"க்ளீட் என்ன பண்ணினார்?" என்றார் இமோஜின்.

"ஏதோ பண்ணினான்."

"ஏதோன்னா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கீங்க."

"வண்டி எங்க நின்னு போச்சு?"

"இங்கதான். பக்கத்துல."

"கொட்டகைக்குப் பக்கத்துலயா?"

"பக்கத்துல" என்றார் மறுபடியும். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"பாஸ், இவரோட பேசறதுக்கு அந்த எஞ்சினோட பேசலாம்" என்று முணுமுணுத்தேன். "அது வாயையாவது திறந்து வெச்சிருக்கு."

மேஜைக்குப் போனேன். பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல் தண்டையும் இணைக்கும் ராடு இரண்டு துண்டாகக் கிடந்தது. கிராங்கைப் பிடித்திருந்த பக்கம் அலுமினியம் உருகி, கிராங்க் மேலேயே அப்பியிருந்தது. சொட்டு ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடினால்தான் இப்படி ஆகும். யாரோ ஆயிலை இறக்கிவிட்டார்கள், கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

"இதுல இருந்த ஆயில் எங்க?" என்று கேட்டேன்.

வெர்லின் ஒரு டப்பாவைக் காட்டினார். முழு அளவு இருந்தது. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மண் இல்லை, தண்ணீர் இல்லை, தேன் மாதிரி சுத்தமாக இருந்தது.

"நின்னு போனப்புறம் நீங்க ஊத்தினதா?"

"இல்ல. இறக்கினது."

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மனிதர் என் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

இமோஜின் எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த புல் அறுக்கும் தட்டின் அருகே குந்தி உட்கார்ந்து, அடியில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைப் பென்சிலால் கிளறினார். எதையோ பிய்த்து ஒரு கவரில் போட்டுக்கொண்டார். பிறகு மூலையில் இருந்த பெரிய அட்டைப் பெட்டியைத் தட்டினார்.

"இது?"

"புது எஞ்சின்."

"புது எஞ்சினா? அதை மாட்டினா பழைய டிராக்டர் பிரிவுல நிக்க முடியாதே!"

"முடியாது."

"நீல ரிப்பன்?"

"இருக்கறவன் வாங்கிக்கட்டும்."

பெட்டியின் சீட்டை நான் படித்தேன். ஆர்டர் கொடுத்த தேதி ஜூலை 30. புகாரின்படி எஞ்சின் நின்று போனது ஆகஸ்ட் 7. நாட்களை விரல் விட்டு எண்ணினேன்.

காரில் ஏறியதும் கொட்டினேன். "பாஸ், எஞ்சின் சாகறதுக்கு எட்டு நாள் முன்னாடியே புதுசுக்கு ஆர்டர் குடுத்திருக்காரு! புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்பவே அடுத்த ஆளைப் பாத்து வெக்கற கதை. எனக்கு இந்தக் கதை நல்லாத் தெரியும். இவரே எஞ்சினைக் கொன்னுட்டு க்ளீட் மேல பழி போட்டுட்டாரு."

"பழி போடணும்னா பெட்ரோல்ல சர்க்கரையைப் போட்டா போதும். பத்து நிமிஷத்துல கழுவிடலாம். தான் வளர்த்த எஞ்சினை எவனாவது இப்படி உருக்குவானா?" இமோஜின் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றினார். "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. ஆயில் நிறைய இருந்தது. ராடு காஞ்சு செத்திருக்கு. எப்படி?"

"அந்தக் காலத்து எஞ்சின்ல ஆயில் பம்பு கிடையாது பாஸ். ராடோட அடியில சின்னதா ஒரு கரண்டி இருக்கும். அது சுத்தறப்ப அடியில தேங்கியிருக்கற ஆயிலை அள்ளித் தெளிக்கும். அவ்வளவுதான் வித்தை."

"கரண்டிக்கு ஆயில் எட்டலைன்னா?"

"எட்டாம எங்க போகும்? வண்டி ஒரு பக்கமா சாஞ்சு, ஆயில் பூரா ஓரத்துக்கு ஒதுங்கினாத்தான்…"

வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லு, சொல்லு."

"சரிவுல குறுக்கா ஓட்டியிருக்காரு. ஏறி இறங்கினா தப்பிச்சுக்கும். குறுக்கா ரொம்ப நேரம் ஓட்டினா செத்துடும். அந்தப் புது எஞ்சின்ல பம்பு இருக்கு, எப்படிச் சாய்ச்சாலும் ஆயில் போகும். ஆனா பாஸ், சரிவுக்கு எங்க போறது? நம்ம ஊர் பேர்லதான் மவுண்ட் இருக்கு. இங்க தரையில பந்தை வெச்சா அப்படியே உக்காந்திருக்கும்."

"மூணு வருஷ ரிப்பனை விட்டுக்குடுத்துட்டு ஒருத்தர் பம்பு வாங்கறார். அவரோட நிலமோ தட்டை." இமோஜின் கவரைப் பிரித்தார். உள்ளே காய்ந்த ஊதாப் பூக்களோடு ஒரு கொடித் துண்டு. "இது என்னன்னு தெரியுதா? மண்ணு சரியாம இருக்க, கரையில மட்டும் விதைப்பாங்க. தட்டையான நிலத்துல இதை விதைச்சா பக்கத்து வீட்டுக்காரன் சிரிப்பான். இந்த மாவட்டத்துல மூணே மூணு சரிவுதான். ஹைவே பாலத்து மேடு, அதை அரசாங்கம் அறுக்குது. பூங்காவுல பசங்க பனியில சறுக்கற மேடு, அதை நகராட்சி அறுக்குது."

"மூணாவது?"

இமோஜின் வண்டியைக் கிளப்பினார். "காலையில நம்ம சோபாவுல கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே, அவங்க வீட்டுக் குளத்துக் கரை."

ஆர்டித்தின் வீட்டுக்குப் பின்னால், அவருடைய கணவர் வெட்டிய குளம். வெட்டிய மண்ணையெல்லாம் ஒரே பக்கம் குவித்ததில் வீட்டைப் பார்த்தபடி உயரமாக ஒரு கரை. அடியில், தண்ணீர் ஓரமாக ஊதாப் பூங்கொடி மண்டியிருந்தது. கரையில் புல் ஒரு வாரத்துக்கு வளர்ந்திருந்தாலும் அறுத்த கோடுகள் இன்னும் தெரிந்தன. ஏறி இறங்கும் கோடுகள் இல்லை. கரைக்குக் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டதுபோல் நேராக ஓடின. மேலிருந்து எண்ணினேன், ஒன்பது கோடுகள். பத்தாவது பாதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே புல் முழங்கால் உயரம்.

பத்தாவது கோடு முடிந்த இடத்தில் போய் நின்றேன். எஞ்சின் செத்தது அங்கேதான்.

"அளவு எடு" என்றார் இமோஜின்.

டேப்பை நீட்டினேன். "ஒவ்வொரு கோடும் நாப்பது அங்குலம், பாஸ்."

"வெர்லினோட தட்டு?"

"நாப்பத்திரெண்டு. ரெண்டு அங்குலம் மேல மேல விழுற மாதிரி ஓட்டினா நாப்பது. நல்ல கை."

வாசலில் க்ளீட் பெக்கின் பிக்கப் வண்டி நின்றது. பின்னால் கட்டியிருந்த டிரெய்லரில் அவருடைய புல் அறுக்கும் மெஷின். நான் அதையும் அளந்தேன். அறுபது அங்குலம். இந்தச் சரிவில் ஏற்றினால் க்ளீட்டோடு சேர்த்துக் குளத்துக்குள் போய்விடும்.

மணி மூன்றரை, ஆர்டித் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தார். சமையலறையில் க்ளீட் உட்கார்ந்திருந்தார். எதிரே மாவுக்குள் பீச் பழம் வைத்துச் சுட்ட பை, கால்வாசி காலி. வெண்ணெய் மணம் வாசல் வரை வந்தது. நியாயமாகச் சொன்னால் அந்த ஆள் மேல் எனக்கு முதலில் வந்த கோபம் கேஸ் சம்பந்தப்பட்டதே இல்லை. எனக்கு யாரும் இரண்டு வருஷமாகப் பை சுட்டுத் தருவதில்லை.

"என்ன இமோஜின், விசாரணையா?" க்ளீட் கரண்டியை ஆட்டினார். சிவந்த முகம், தாராளமான சிரிப்பு. "வெர்லினுக்கு வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல. ஆர்டித் எனக்குப் பை சுட்டுக் குடுக்கறது அவன் கண்ணை உறுத்துது."

"எதுக்குப் பை?"

ஆர்டித் முந்திக்கொண்டார். "கரையை அறுத்துக் குடுக்கறாரே, அதுக்குத்தான். ரெண்டு கோடையா, ஒவ்வொரு வியாழக்கிழமையும். நான் சர்ச்சுல போர்வை தைச்சுட்டு மூணு மணிக்கு வர்றதுக்குள்ள முடிச்சிருப்பார். போன வாரம்தான் பாதியில நின்னுடுச்சு, முதுகு வலியாம். இந்த வாரமும் வலி விடல."

"முதல் தடவை எப்படித் தெரிஞ்சுது அவர்தான்னு?"

"வந்து பாத்தேன். கரை பளிச்சுன்னு இருந்தது. க்ளீட் குளத்தோரம் தூண்டில் போட்டுக்கிட்டு நின்னார். ரொம்ப நன்றி க்ளீட்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? 'அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னார்."

இமோஜின் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்களை நீங்கள் பார்க்க வேண்டும். எரிகிற வீட்டிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு நன்றி சொன்னாலும் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பான். உப்பை நகர்த்திக் கொடுத்தவனும் அதையேதான் சொல்வான். எல்லாம் செய்தவனும் எதுவுமே செய்யாதவனும் ஒரே பதிலைச் சொல்கிற ஊரில் யார் செய்தது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

"க்ளீட், உங்க மெஷின் எத்தனை அங்குலம்?" என்றார் இமோஜின்.

"அறுபது. ஏன்?"

"கரையில கோடு நாப்பது."

கரண்டி தட்டில் விழுந்தது.

"க்ளீட்?" என்றார் ஆர்டித்.

"நான் அறுத்தேன்னு என்னிக்காவது சொன்னேனா?" க்ளீட்டின் குரல் உயர்ந்தது. "நல்லா யோசிச்சுப் பாரு ஆர்டித். நீ நன்றி சொன்னே. நான் ஒண்ணுமில்லன்னேன். நான் ஒண்ணும் செய்யல. அது உண்மைதானே!"

"நாப்பதுக்கு மேல பை சாப்பிட்டிருக்கீங்க!"

"நீ குடுத்தே. வேண்டாம்னு சொன்னா மரியாதை இல்ல."

ஆர்டித் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப யாரு?"

இமோஜின் ஊதாப் பூவை மேஜை மேல் வைத்தார். "இது வெர்லினோட டிராக்டருக்கு அடியில இருந்துச்சு. அவர் எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்துல சாகல. உன் கரையில, பத்தாவது கோட்டுல செத்துச்சு. கயித்தைக் கட்டி வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருக்கார்."

ஆர்டித் ஜன்னல் வழியே கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, நீதிபதி மாதிரி கேட்டார். "சரி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு இமோஜின். க்ளீட் எஞ்சினைக் கெடுத்தாரா, இல்லையா?"

"அவர் எஞ்சின் மேல கை வைக்கல."

"பாத்தியா!" என்று க்ளீட் மேஜையைத் தட்டினார்.

"பொறுங்க" என்றார் இமோஜின். "ஆர்டித், போன வாரம் வரைக்கும் கோடு எப்படி இருக்கும்?"

"ஏறி இறங்கும்."

"குறுக்கா மாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான். ஜூலை முப்பது, சர்ச் விருந்துல. கோடு குறுக்கா ஓடினா என் ஜன்னல்லருந்து பாக்க எவ்வளவு அழகா இருக்கும்னு க்ளீட்கிட்ட சொன்னேன். 'அதுக்கென்ன, அடுத்த வாரமே குறுக்கா ஓட்டிட்டா போச்சு'ன்னார். ஹால் பூரா கேட்டுது, அவ்வளவு சத்தமா சொன்னார்."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

ஆர்டித்தின் கை வாய்க்குப் போனது. "வெர்லின். உருளைக்கிழங்கு சாலட் பக்கத்துல, தட்டோட நின்னுக்கிட்டு இருந்தார்."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். சாதாரணமாகக் கடைசி அடியை இமோஜின்தான் அடிப்பார், பெயரும் அவருக்குத்தான் போகும், எனக்குக் காதில் புகை வரும். அன்றைக்கு அது எனக்குக் கிடைத்தது.

"பாஸ், ஒரு சின்ன சந்தேகம். டிராக்டர் சங்கத்துல புதுசா சேர்றவங்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுப்பாங்க. நானும் போயிருக்கேன். முதல் நாள் முதல் பாடம் என்ன தெரியுமா? பம்பு இல்லாத எஞ்சினைச் சரிவுல குறுக்கா ஓட்டாதே, பத்தே சுத்துல செத்துடும். அந்தப் பாடம் எடுக்கறது யாரு, க்ளீட்?"

க்ளீட்டின் முகம் தக்காளி நிறத்திலிருந்து சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது.

"உங்களுக்கு யார் அறுக்கறாங்கன்னு தெரியும்" என்றார் இமோஜின். "அவர் காதுல விழணும்னே சத்தமாச் சொன்னீங்க. ஆர்டித் ஆசைப்பட்டா அவர் ஓட்டாம இருக்க மாட்டார்னும் தெரியும். கண்காட்சிக்கு ஒன்பது நாள் முன்னாடி, கை வைக்காமலே அவர் எஞ்சினை முடிச்சுட்டீங்க."

"மூணு வருஷம்!" க்ளீட் கத்திவிட்டார். "மூணு வருஷம் அவனுக்கே நீல ரிப்பன்! நான் எத்தனை ராத்திரி தேச்சுத் தேச்சுப் பளபளப்பாக்கினேன், தெரியுமா? அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான், வந்து நிப்பான், வாங்கிட்டுப் போவான். இங்க வந்து பாத்தா உன் கரையையும் அவனே அறுக்கறான். எல்லாமே அவனுக்கா? எனக்குன்னு ஒண்ணாவது இருக்க வேண்டாமா?"

அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது என்றால் நம்புவீர்களா? அந்தக் குரல் எனக்குப் பழகிய குரல். களைக்கொல்லிக்காரன் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

ஆர்டித்துக்கு இரக்கம் வரவில்லை. க்ளீட்டின் முன்னால் இருந்த தட்டை எடுத்தார். இத்தனை நாள் 'நீங்க' என்று பேசிய வாய் மாறியது.

"எந்திரி. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பதில் இப்பவே சொல்றேன். முடியாது. கிளம்பு."

வெர்லினின் கொட்டகைக்கு ஆர்டித் எங்கள் காரில்தான் வந்தார். வெர்லின் புது எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய சட்டத்தின் ஓட்டைகளுக்கும் புது எஞ்சினின் போல்ட்டுகளுக்கும் பொருத்தம் இல்லை. நடுவில் வைக்க ஓர் இரும்புத் தகடு வெட்டி, அதில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆர்டித்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார், துளை போடும் மெஷின் மட்டும் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன் சொல்லல?" என்றார் ஆர்டித்.

வெர்லின் எஞ்சினைப் பார்த்துப் பேசினார். "முதல் வாரம் சொல்லலாம்னு வந்தேன். க்ளீட் உள்ள உக்காந்து பை சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். திரும்பிட்டேன்."

"அப்புறமும் ஏன் அறுத்தீங்க? பேர் அவருக்குப் போகுதுன்னு தெரிஞ்சும்?"

"புல்லு வளருதே."

"குறுக்கா ஓட்டினா எஞ்சின் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் அன்னிக்கு ராத்திரியே பம்பு வெச்சதுக்கு ஆர்டர் குடுத்தேன். வர பன்னெண்டு நாள் ஆகும்னாங்க. அவன் அடுத்த வாரம்னு சொல்லிட்டான்." கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "வியாழக்கிழமை நீங்க வந்து ஜன்னல்ல பாப்பீங்க. கோடு ஏறி இறங்கி இருந்தா ஏமாந்து போவீங்க. மெதுவா ஓட்டினா தாங்கும்னு நெனச்சேன். ஒன்பது கோடு தாங்குச்சு."

எனக்குச் சொல்ல ஒரு கிண்டல் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

"அந்தப் புகார்?" ஆர்டித்தின் குரல் இறுகியது.

"வயித்தெரிச்சல்." இந்த முறை வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். "அவனை நீங்க கட்டிக்கப் போறீங்கன்னு ஊர் பூரா பேச்சு. காபிக் கடையில எஞ்சின் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. க்ளீட்டைக் கேளுங்கன்னு வாயில வந்துடுச்சு. செயலாளர் எழுதிக்கிட்டார். பொய்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

க்ளீட் சத்தமாகச் சொன்னதன் காரணத்தை இமோஜின் சுருக்கமாகச் சொன்னார். வெர்லின் கேட்டுவிட்டுத் துணியை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"சனிக்கிழமை கண்காட்சியில, சங்கக் கூட்டத்துல உங்களை மைக்குக்குக் கூப்பிடுவாங்க, புகாரைச் சொல்லச் சொல்லி" என்றார் ஆர்டித். "இப்ப நீங்க நெனச்சா அவரை அஞ்சு வருஷம் வெளிய தள்ளலாம். என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இன்னொரு பொய்யரை மட்டும் என்னால தாங்க முடியாது. நான் வந்து உக்காந்திருப்பேன்."

சனிக்கிழமை மாலை. கண்காட்சித் திடலில் தூசியும் வறுத்த சோளத்தின் மணமும். பழைய டிராக்டர்கள் வரிசையாக நின்றன, வெர்லினின் இடம் காலி. க்ளீட் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு நீல ரிப்பன் அவருக்குக் கிடைத்திருந்தது. அதைச் சட்டையில் குத்தாமல் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ஆர்டித் மர கேலரியின் கடைசி வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். இமோஜினுக்கும் எனக்கும் அவருக்குப் பக்கத்தில் இடம்.

"வரமாட்டாரு, பாஸ்" என்றேன். "இருநூறு பேர் முன்னாடி மைக்கா? அவருக்கு இருக்கற வார்த்தை ரேஷன் இந்த வருஷத்துக்கே தீந்து போச்சு."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. செயலாளர் மைக்கைக் கொடுத்தார். வெர்லின் அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்தார்.

"என் எஞ்சினை க்ளீட் பெக் கெடுக்கல" என்றார். "நான்தான். சரிவுல குறுக்கா ஓட்டினேன். ஓட்டக் கூடாதுன்னு அவன்தான் எல்லாருக்கும் பாடம் எடுக்கறான், எனக்கும் தெரியும். அவன் என்ன பேசினான்னாலும் ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. புகார் பொய். அவன் மேல பொறாமை, எழுதிட்டேன். வாபஸ்."

க்ளீட் தலை குனிந்துகொண்டார். வெர்லின் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், நின்றார். மறுபடியும் வாய்க்கு அருகே கொண்டுவந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"ஆர்டித்துக்காக ஓட்டினேன். ரெண்டு வருஷமா அவங்களுக்காகத்தான் ஓட்டறேன். எனக்கு அவங்களைப் பிடிக்கும்."

இருநூறு தலைகளும் பின்னால் திரும்பின. ஆர்டித் எழுந்து நின்றார். நான் இமோஜினின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் அப்புறம்தான் சொன்னார்.

"வெர்லின்!" ஆர்டித்துக்கு மைக் தேவைப்படவில்லை. "பின் வரிசைக்குச் சரியாக் கேக்கல. கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

வெர்லின் மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு சொன்னார். மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்டது.